கடலில் நீந்தும் நாய் வைத்திருப்பவர்களே, 680 வெள்ளி பேக்கேஜ் என்றால் உஷார்

680 வெள்ளி. நாய்களைக் குளிப்பாட்டும் ஒரு கடைக்கு முன்கூட்டியே கட்டிய பணம். திருப்பித் தர முடியாது என்று நேற்று ராத்திரி ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் கேட்டால் நீல டிக் மட்டும் விழுகிறது. இந்த வாரக் கடைசியிலும் யாராவது ஈர நாயைத் தூக்கிக்கொண்டு அந்த மாதிரிக் கடைக்குள் போய் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

எங்கள் பட்டு பொமரேனியன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள இனம். உடம்பு சிறியதுதான், ஆனால் செந்தோசாவில் தஞ்சோங் பீச் மணலில் கால் வைத்துவிட்டால் தண்ணீருக்குள் இறங்காமல் விடமாட்டாள். இந்த இனத்துக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீள முடி, அடியில் நெருக்கமான குட்டை முடி. மேல்முடி காய்ந்தாலும் அடிமுடி காயாது. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அந்த ஈரம் மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக்கிடக்கும். கூடவே உப்பு, மணல். உப்பு தோலை வறட்டும், மணல் உரசும், நாய் நக்கும், சொறியும், கடைசியில் புண்ணாகும். இது வரக்கூடாது என்றுதான் அந்தக் கடைக்கே போனோம்.

கடையின் பெயரைப் போடவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில், நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை. அவ்வளவு போதும்.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், உங்களிடமும் இதையேதான் செய்வார்கள். கவுன்டரில் நம் தமிழ்ப் பெண். பட்டுவைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துப் பக்கம் முடியை எதிர்த்திசையில் விரலால் பிரித்து, தோல் தெரியும் வரை விலக்கினாள். அடிமுடியைத் தன் கறுப்புக் கைப்பேசி உறை மேல் லேசாகத் தேய்த்தாள். வெள்ளை வெள்ளையாக உப்புத் துகள். "பாருங்கக்கா, வீட்டுல குளிப்பாட்டியும் இவ்வளவு இருக்கு. இது உள்ளே இருந்தா தோல் என்ன ஆகும்?" என்றாள். எந்தக் கடையிலும் யாரும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. அடிமுடி வரை கையால் உலர்த்துவோம், காது துடைப்போம், மருந்து ஸ்ப்ரே அடிப்போம், பத்து முறைக்கு 680 வெள்ளி, இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை. "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்குவோம்கா." என் கணவர் கைப்பேசியிலேயே பேநவ் வழியாக வங்கிப் பணத்தை அங்கேயே அனுப்பினார்.

முதல் முறையே நாயை ஈரத்தோடு கொடுத்தார்கள். மேலே பஃப்பென்று சீவிவிட்டிருந்தார்கள், உள்ளே விரல் விட்டால் சில்லென்று இருந்தது. கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை. கேட்டதற்கு, "வெளியே காத்துல காய்ஞ்சிரும்கா." மறுநாள் காலை பட்டு காதுக்குக் கீழே விடாமல் சொறிந்தாள். சாயங்காலம் முடி ஒட்டிப் பிசுபிசுவென்று நாற்றம்.

மருத்துவர் அந்த இடத்து முடியை மழித்தபோதுதான் புண் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்தது. வெளியே ஒரு காசு அளவு, உள்ளே என் உள்ளங்கை அகலம், சிவந்து நீர் கசிந்துகொண்டு. ஹாட் ஸ்பாட் என்றார். ஈரம் தங்கிய இடத்தில் நாய் சொறியச் சொறிய ஒரே நாளில்கூட இப்படிப் பரவுமாம். அப்புறம் அந்த ஸ்ப்ரே பாட்டிலின் படத்தைக் காட்டினேன். டீ ட்ரீ ஆயில். எவ்வளவு கலந்திருக்கிறது என்று லேபிளில் இல்லை, "இயற்கை" என்று மட்டும் கொட்டை எழுத்தில். அந்த எண்ணெய் அளவு கூடினால் நாய்க்கு விஷம். தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினாலும் போகும். எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும், நடுக்கம் வரும். அதைப் போய்ப் புண்ணாகும் தோலில் அடித்திருக்கிறார்கள்! மருத்துவச் செலவு தனி, அதை நான் இந்த 680 வெள்ளியில் சேர்க்கவே இல்லை.

இனிமேல்தான் அலைக்கழிப்பு. முதலில் மேனேஜர் லீவு. அப்புறம் "உங்க நாய்க்கு அலர்ஜி இருக்கும்." மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அனுப்பினால், "நீங்க மறுபடியும் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க." போகவில்லை. பிறகு ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பேக்கேஜ் பணம் திரும்பாது என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். கடைசியாக ஒரு சலுகை: இலவசமாக ஒரு தடவை காது சுத்தம் செய்து தருகிறார்களாம். அந்தக் கைகளில் பட்டுவை இன்னொரு தடவை கொடுப்பேனா? தரையில் உட்கார்ந்து அக்கா அக்கா என்று பேசிய பெண் இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை.

விளக்கமாக எழுத இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடலை விட்டு ஏறியதும் அங்கேயே நல்ல தண்ணீரில் தோல் வரை அலசுங்கள், வீடு போய்ச் சேரும்வரை தள்ளிப்போடாதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். துண்டால் ஒற்றி, சூடில்லாத காற்றில் அடிமுடி காயும் வரை உலர்த்துங்கள், முடியைப் பிரித்து விரலால் தொட்டுப் பாருங்கள். காதின் உள்மடலை ஈரம் போகத் துடையுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், கடல்நீரைக் குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு. நம் ஷாம்பூ வேண்டாம், நாய்த் தோல் வேறு. டீ ட்ரீ ஆயில் பக்கமே போகாதீர்கள். ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். பணத்தை ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த பிறகு கொடுங்கள். பேநவ்வில் போன பணத்தை வங்கி அவ்வளவு சுலபமாக மீட்டுத் தராது.

நான் விடப்போவதில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, அதனால் அந்தச் செலவும் இல்லை. என்னுடைய தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. படம், ரசீது, வாட்ஸ்அப் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி கடல் குளியல் பேக்கேஜுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள்.