1965: லிவர்பூல் ஜோடியா, டெட்ராய்ட் மூவரா?

நம் ஊரில் ஒரு பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது "மியூசிக் யாரு?" என்ற கேள்விதான். பாடியவர் அப்புறம், நடித்தவர் அதற்கும் அப்புறம் (ரசிகர் மன்றத்துக்காரர்கள் மன்னிக்கவும்). மேற்கத்திய பாப் பாட்டில் இந்தப் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது, பாடிய ஆளின் பெயரில்தான் பாட்டு ஊர் சுற்றும். அதனால் 1965ஆம் வருடத்து அமெரிக்க பில்போர்டு பட்டியலை (எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று வாராவாரம் வரும் பத்திரிகைப் பட்டியல்) எடுத்து வைத்துக்கொண்டு, பாடியவர் பெயர்களை எல்லாம் மறந்துவிட்டு, மெட்டுப் போட்டது யார் என்று மட்டும் பார்த்தால் காட்சியே கொஞ்சம் மாறிவிடுகிறது.

அது பீட்டில்ஸ் வருடம் என்பார்கள். சரி. அந்த லிவர்பூல் குழுவில் பாட்டு எழுதிய லெனன்–மெக்கார்ட்னி ஜோடி அந்த வருடம் புதிதாக முதலிடத்துக்கு ஏற்றிய பாட்டுகள் நான்கு. டெட்ராய்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்த பிரையன் ஹாலண்ட், லமாண்ட் டோசியர், எடி ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி ஏற்றியதும் நான்கு. முந்தைய டிசம்பரில் முதலிடம் பிடித்து ஜனவரியிலும் அங்கே தலைகாட்டியதைச் சேர்த்தால், அந்தப் பக்கம் 'ஐ ஃபீல் ஃபைன்', இந்தப் பக்கம் சுப்ரீம்ஸ் என்ற மூன்று பெண்கள் குழு பாடிய 'கம் சீ அபௌட் மீ'. ஆக ஐந்துக்கு ஐந்து. வாரக் கணக்கு போட்டால் மட்டும் லிவர்பூல்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள், பன்னிரண்டு வாரத்துக்கு எட்டு வாரம். ஆனால் வாரக் கணக்கை ரொம்ப நம்ப முடியாது. ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸின் 'மிஸஸ் பிரௌன் யூவ் காட் எ லவ்லி டாட்டர்' என்ற அசட்டுப் பாட்டு மூன்று வாரம் உச்சியில் உட்கார்ந்திருந்த வருடம் அது. ஒரு வாரம்கூட முதலிடத்தைத் தொடாத 'உல்லி புல்லி'யைத்தான் வருடத்தின் நம்பர் ஒன் பாட்டு என்று பில்போர்டு கடைசியில் அறிவித்தது.

எனவே இரண்டு கூட்டணியின் முதலிடப் பாட்டுகளை மட்டும் எடுத்து, பட்டியலில் அருகருகே வந்தவற்றை முடிந்தவரை மோதவிட்டுப் பார்க்கிறேன். கேட்பவர்கள் மோனோ பதிப்பையே கேளுங்கள். அந்தக் கால ஸ்டீரியோவில் குரல் ஒரு காதிலும் வாத்தியம் இன்னொரு காதிலுமாகப் பிரிந்து போய், பாட்டு பாதியாகிவிடும். ஹெட்ஃபோனும் வேண்டும், ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஜனவரி ஜோடியை சீக்கிரம் முடித்துவிடலாம். 'ஐ ஃபீல் ஃபைன்' ஆரம்பத்தில் ஒற்றைச் சுரம் ஒன்று விழுந்து, அது ஆம்ப்ளிஃபையரில் பட்டு ரீங்காரமாக வீங்கி, அதற்குள்ளிருந்து கிட்டார் வரி தாவி வெளியே வருகிறது. மைக் கூவினால் ஓடிப்போய் நிறுத்துகிற காலத்தில் அதையே பாட்டின் வாசலில் வைத்த தைரியத்துக்காகவே இது ஜெயிக்கிறது. 'கம் சீ அபௌட் மீ' நல்ல பாட்டுதான், ஆனால் மூவர் கூட்டணி அதற்கு முன் செய்ததையே இன்னொரு தடவை செய்திருக்கிறது.

மார்ச் மாதம் விறுவிறுப்பானது. முதல் வாரம் டெம்ப்டேஷன்ஸின் 'மை கேர்ள்' உச்சியில். அது ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும் எழுதியது, மோட்டவுன்தான் என்றாலும் நம் மூவர் கணக்கில் வராது (வந்திருந்தால் இந்த அலசலே தேவைப்பட்டிருக்காது). அடுத்த வாரம் அதைத் தள்ளிவிட்டு வந்தது 'எய்ட் டேஸ் அ வீக்', இரண்டு வாரம் கழித்து அதைத் தள்ளியது சுப்ரீம்ஸின் 'ஸ்டாப்! இன் த நேம் ஆஃப் லவ்'. பீட்டில்ஸ் பாட்டில் நல்ல விஷயம் அதன் தொடக்கம். தூரத்திலிருந்து ஊர்வலம் நெருங்கி வருகிற மாதிரி சத்தம் மெல்லக் கூடிக்கொண்டே வந்து பாட்டு ஆரம்பிக்கும். அதற்கப்புறம் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. லெனனே பின்னாளில் இதை மட்டமாகத்தான் பேசினார். எதிரே 'ஸ்டாப்!' எப்படித் தொடங்குகிறது? ஆர்கன் ஒரு மூச்சு மேலே ஏறுகிறது, உடனே பல்லவி. முன்னுரை கிடையாது, யார் என்ன என்ற அறிமுகம் கிடையாது. கதவைத் தாண்டிப் போகிறவனைக் கையை நீட்டி நிறுத்திவிட்டு, அப்புறம்தான் சரணத்தில் சேதி சொல்கிறார் சுப்ரீம்ஸின் முன்னணிப் பாடகி டயானா ராஸ். டோசியர் தன் காதலியோடு போட்ட சண்டையில் வாய் தவறி விழுந்த வாக்கியம்தான் தலைப்பு. பல்லவியிலேயே ஆளைப் பிடிக்கிற சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு, அந்த வருடத்துப் பட்டியலில் முதலில் பிடிபடுகிற பாட்டு இதுவாகத்தான் இருக்கும். இந்த ரவுண்டு டெட்ராய்டுக்கு, அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

மே கடைசியில் நிலைமை தலைகீழ். 'டிக்கெட் டு ரைட்' ஒரே ஒரு வாரம்தான் முதலிடத்தில் இருந்தது, ஆனால் அந்த வருடம் அவர்கள் போட்டதிலேயே கனமான பாட்டு அது. குழுவின் கிட்டார்காரர் ஹாரிசனின் பன்னிரண்டு தந்திக் கிட்டார் மணி அடித்தாற்போல ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, ரிங்கோவின் டிரம்ஸ் நேராக நடக்காமல் தடுக்கித் தடுக்கி நடக்கிறது. பெண் போகிறாள், அவளுக்குக் கவலையே இல்லை, இவனுக்குத்தான் கால் ஓடவில்லை. வரிகள் சொல்வதை டிரம்ஸே சொல்லிவிடுகிறது. கடைசியில் திடீரென்று தாளம் இரட்டிப்பு வேகத்துக்கு மாறி, சம்பந்தமே இல்லாதது போல ஒரு வால் வந்து முடிகிறது. அமெரிக்க இசைத்தட்டின் லேபிளில் 'எய்ட் ஆர்ம்ஸ் டு ஹோல்ட் யூ' படத்திலிருந்து என்று அச்சடித்திருப்பார்கள், அப்படி ஒரு படமே வரவில்லை, 'ஹெல்ப்!' படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் அது. ஜூனில் வந்த 'பேக் இன் மை ஆர்ம்ஸ் அகெய்ன்' இதன் முன் நிற்க முடியாது. கூடப் பாடுகிற மேரியையும் ஃப்ளோவையும் பெயர் சொல்லிக் கிண்டலடிக்கிற சரணம் ஒன்று உண்டு, அந்த ஒரு குறும்புக்காகக் கேட்கலாம். சுப்ரீம்ஸுக்குத் தொடர்ந்து ஐந்தாவது முதலிடம் அது, பழக்க தோஷத்தில் வந்த முதலிடம் என்பேன்.

இனி கோடை, இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும்.

ஜூன் 19ஆம் தேதி பட்டியலில், மூவர் கூட்டணி எழுதி மோட்டவுனின் ஃபோர் டாப்ஸ் குழு பாடிய 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' முதலிடம். அடுத்த வாரம் பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' அதைக் கீழே இறக்குகிறது. அதற்கடுத்த வாரம் ஃபோர் டாப்ஸ் திரும்ப வந்து இடத்தைப் பிடிக்கிறது. ஜூலை 10 அன்று ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்து நான்கு வாரம் யாரையும் அண்டவிடவில்லை. நான்கு வாரத்துக்குள் இத்தனை அடிதடி அந்த வருடம் வேறெப்போதும் இல்லை. மோட்டவுன் பாட்டுகள் தொழிற்சாலைச் சரக்கு, கிட்டார் குழுக்கள்தான் அசல் கலைஞர்கள் என்று ஒரு வாதம் ரொம்ப காலமாக ஓடுகிறது. டெட்ராய்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி தொடங்கிய கம்பெனி, வாராவாரம் கூட்டம் போட்டு எந்தப் பாட்டை வெளியிடலாம் என்று ஓட்டெடுப்பு நடத்துவார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அசல் கிட்டார் குழுவான பேர்ட்ஸின் 'டாம்பரின் மேன்' தட்டில் குழுவிலிருந்து வாசித்தது மெக்வின் ஒருவர் மட்டுமே. பேஸ், டிரம்ஸ், மற்றதெல்லாம் ஹாலிவுட்டில் சம்பளத்துக்கு வாசிக்கும் ஸ்டூடியோக்காரர்கள். யார் வாசித்தால் என்ன, காதில் என்ன விழுகிறது என்பதுதானே பேச்சு.

'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' காதில் விழுவது இப்படி: முதலில் பேஸும் பியானோவும் சேர்ந்து ஒரே வரியை உருட்டுகின்றன, அதன் மேல் வயலின்கள் வந்து படிகின்றன, அதற்குள் காலாட்ட ஆரம்பித்திருப்போம், அப்போதுதான் குழுவின் முன்னணிப் பாடகர் லீவை ஸ்டப்ஸ் வாயைத் திறக்கிறார். அவருடையது அடர்த்தியான ஆண்குரல். ஹாலண்ட் கூட்டணி வேண்டுமென்றே அவருக்கு வசதியான ஸ்ருதியை விட்டு ஒரு படி மேலே வைத்து எழுதுவார்கள், எட்டிப் பிடித்தால்தான் சுரம் கிடைக்கும். அதனால் அவர் தேனே, சர்க்கரையே என்று கொஞ்சும்போதும் கெஞ்சல்தான் கேட்கிறது. வரியைப் படித்தால் இனிப்புக் கடை, குரலைக் கேட்டால் கடன் வாங்கியவன். நடுவில் பாரிடோன் சாக்ஸஃபோன் கரகரப்பாக ஒரு சுற்று வந்து போகிறது.

எதிரே 'ஹெல்ப்!'. இதையும் சாதாரணமாக ஒதுக்க முடியாது. கூர்ந்து கேட்டால், லெனன் பாடப்போகிற வார்த்தைகளை மெக்கார்ட்னியும் ஹாரிசனும் ஒரு விநாடி முன்பே பின்னணியில் பாடிவிடுகிறார்கள். இவன் மனதில் இருப்பது வாய்க்கு வருவதற்குள் வெளியே கேட்டுவிடுகிறது. இரண்டு நிமிடம் இருபது விநாடிக்குள் பாட்டே முடிந்துவிடுகிறது. அது நிஜமாகவே உதவி கேட்ட பாட்டு என்றும், விற்பதற்காக வேகப்படுத்திவிட்டோம் என்றும் லெனன் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. பாட்டு நல்ல பாட்டு, தட்டு அவசரத் தட்டு. இதே 'ஹெல்ப்!'தான் செப்டம்பரில் பாப் டிலனின் ஆறு நிமிட 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டை இரண்டாம் இடத்திலேயே நிறுத்தி வைத்தது, அதற்கான பாவமும் கொஞ்சம் இதன் தலையில் உண்டு. கோடை ரவுண்டு ஃபோர் டாப்ஸுக்கு.

இலையுதிர்காலத்தில் 'யெஸ்டர்டே', நான்கு வாரம். மெக்கார்ட்னி, ஒரு கிட்டார், நான்கு தந்தி வாத்தியக்காரர்கள், அவ்வளவுதான், மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் இல்லை. இங்கிலாந்தில் அப்போது தனித் தட்டாக வெளியிடவே இல்லை. கல்யாண ரிசப்ஷனிலும் லிஃப்டிலும் கேட்டுக் கேட்டுச் சலித்த பாட்டுதான், இருந்தாலும் மெட்டு என்று வந்துவிட்டால் பேச்சே இல்லை. யாரிடம் கொடுத்து எந்த வாத்தியத்தில் வாசிக்கச் சொன்னாலும் நிற்கும். நவம்பரில் எதிரே வந்த 'ஐ ஹியர் அ சிம்ஃபனி' ஒரு நெருக்கடியில் பிறந்தது: சுப்ரீம்ஸின் முந்தைய பாட்டு பதினோராம் இடத்தோடு நின்றுவிட, கார்டி கடுப்பாகி, இனி இவர்களுக்கு முதலிடப் பாட்டு மட்டும்தான் என்று உத்தரவு போட்டார். மூவரும் கொடுத்ததில் ஸ்ருதி அரை அரைப் படியாக ஏறிக்கொண்டே போகிறது, காதலில் தரை காலில் படாத நிலையை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. அழகு, ஆனாலும் ஒற்றைத் தந்திரத்தில் நிற்கிற அழகு. 'யெஸ்டர்டே'தான்.

ஆக ஐந்து மோதலில் லிவர்பூலுக்கு மூன்று, டெட்ராய்டுக்கு இரண்டு. அப்படியானால் தீர்ப்பு பீட்டில்ஸ் பக்கமா என்றால், எனக்கு இல்லை. பாட்டு எழுதுவதில் லெனன்–மெக்கார்ட்னி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் ஏறுவது தாளில் எழுதிய பாட்டு இல்லை, சுழல்கிற தட்டு. தட்டு என்று பார்த்தால் 1965இல் ஹாலண்ட் கூட்டணியை அடிக்க ஆள் இல்லை, அதற்குப் பாதிக் காரணம் அவர்களே இல்லை, மோட்டவுன் இயங்கிய மேற்கு கிராண்ட் பூலவார்டு வீட்டின் குறுகிய ஸ்டூடியோவில் பேஸ் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த ஜேம்ஸ் ஜேமர்சன். ஜாஸிலிருந்து வந்தவர், ஒரே விரலால் மீட்டுவார், தட்டின் உறையில் அவர் பெயர் கிடையாது. மோட்டவுன் இசைஞர்களின் பெயரை அச்சில் பார்க்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெட்ஃபோன் வேண்டும் என்றது இவருக்காகத்தான். ஃபோன் ஸ்பீக்கரில் இவர் காணாமல் போய்விடுவார், இவர் போனால் பாட்டின் எலும்பே போய்விடும்.

பீட்டில்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மெக்கார்ட்னியே தன் பேஸ் வாசிப்புக்கு ஜேமர்சனைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறார். 1963இல் பீட்டில்ஸ் தங்கள் ஆல்பத்தில் பாடிய மூன்று மோட்டவுன் பாட்டுகளில் ஒன்றான 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' எழுதியவர்கள் பட்டியலில் பிரையன் ஹாலண்ட் பெயரும் உண்டு. சுப்ரீம்ஸும் சும்மா இருக்கவில்லை, 1964இலேயே லிவர்பூல் பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் போட்டுவிட்டார்கள். போட்டி நமக்குத்தான், அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல்.

என் ஒரே தேர்வு 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்'. அடுத்தது 'டிக்கெட் டு ரைட்', அப்புறம் 'ஸ்டாப்!', நான்காவதாக 'யெஸ்டர்டே'. ஐந்தாவதை இங்கே சேர்க்க, முதலிடப் பாட்டு மட்டும் என்ற விதி இடம் கொடுக்கவில்லை: ஃபோர் டாப்ஸின் பழைய கம்பெனி அவர்களுடைய பழைய தட்டைத் தூசி தட்டி வெளியிடப் பார்க்கிறது என்று கேள்விப்பட்டதும், ஹாலண்ட் கூட்டணி அவசர அவசரமாக, கிட்டத்தட்ட ஒரே நாளில் எழுதி, பதிவு செய்து, தட்டும் அடித்து ரேடியோக்காரர்களுக்கு அனுப்பிய பாட்டு. முந்தைய ஹிட்டின் மெட்டையே கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார்கள், ஊர் சொல்வதற்கு முன் தாங்களே சொல்லிவிடலாம் என்று நினைத்தார்களோ என்னவோ, 'இட்ஸ் த சேம் ஓல்ட் சாங்' என்று பெயரும் வைத்தார்கள். ஐந்தாம் இடத்துக்கு மேல் போகவில்லை. 'ஹெல்ப்!' பாட்டைவிட எனக்கு அது பிடிக்கும்.