டெர்மினஸ் எழுத்துரு: புதுத் திரைக்கு மாறிய பிறகு

பம்பலப்பிட்டியில் பழுதுபார்க்கக் கொடுத்த என் பழைய திரை, உதிரிப்பாகம் கிடைக்காது என்ற பதிலோடு திரும்பி வந்தது. வேறு வழியின்றி அடர்த்தி கூடிய திரை ஒன்றை வாங்கினேன். அலுவலகத்தில் அடுத்த மேசைத் தம்பி, "அண்ணா, நீங்கள் வைத்திருந்த அந்தக் கட்டம்கட்டமான எழுத்துருவை நானும் போடலாமா?" என்று கேட்டார். நின்ற நிலையில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது.

அவர் கேட்டது டெர்மினஸ் எழுத்துருவை. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒவ்வொரு எழுத்தும் புள்ளி புள்ளியாகக் கையால் வைக்கப்பட்டது. சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றுக்கும் மூன்று முகம். இரவு வெகுநேரம் நிரல் பார்த்தாலும் கண் எரிந்ததில்லை.

சிக்கல் நிரல் எழுதும் எடிட்டரில்தான். லினக்ஸில் பல செயலிகளுக்கு எழுத்தை அடுக்கித் தரும் நிரலகம் பாங்கோ. 2019இல் வந்த அதன் 1.44 பதிப்பு, எழுத்துருக்களை ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு நிரலகம் வழியாகப் படிக்கத் தொடங்கியதும், புள்ளி எழுத்துருக்களின் பழைய வடிவங்களான பிடிஎஃப் (BDF), பிசிஎஃப் (PCF) கோப்புகள் அங்கே செல்லாக்காசாகின. அதற்காவது மருந்து உண்டு: அதே புள்ளிகளை ஓபன்டைப் உறையில் இட்ட ஓடிபி (OTB) கோப்பைப் போட்டால், பாங்கோவை நம்பியிருக்கும் ஜிடிகே (GTK) எடிட்டர்கள் வழிக்கு வந்துவிடும். உலாவி இயந்திரத்தின் மேல் கட்டிய எடிட்டரோ, அமைப்பில் பெயரை எழுதினால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வேறொரு எழுத்துருவைக் காட்டுகிறது. பிழைச்செய்தி ஒரு வரி கிடையாது. முடியாது என்றால் முடியாது என்று சொல்வதற்கென்ன?

சரி என்று, புள்ளிகளின் விளிம்பைக் கோடாக்கிய ட்ரூடைப் பதிப்பை, அதாவது எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய வடிவத்தை, போட்டேன். பழைய திரையில் அது ஒப்பேறியது. புதியதில் 125 சதவீதப் பெரிதாக்கல்; 14 புள்ளி உயர எழுத்து 17.5 ஆக வேண்டும். அரைப் புள்ளிக்குத் திரை எங்கே போகும்? சாம்பல் நிறத்தைப் பூசி ஒப்பேற்றுகிறது. ஆங்கிலச் சிறிய m எழுத்தின் மூன்று கால்களில் ஒன்று கறுப்பு, மற்ற இரண்டும் அழுக்கு. நெளி அடைப்புக்குறியின் நடுமூக்கு கரைந்து, சாதாரண அடைப்புக்குறி போலத் தெரிகிறது. தமிழில் குறிப்பு எழுதினால் இன்னும் மோசம். டெர்மினஸில் தமிழ் இல்லாததால் அதன் இடத்தில் நோட்டோ என்ற வேறு எழுத்துரு வந்து உட்கார்கிறது. கொம்புகளும் சுழிகளும் மேல் வரியை இடிக்கின்றன.

நியாயமாகப் பார்த்தால் எடிட்டர் செய்தவர்களை முழுக்கத் திட்ட முடியாது. ஆளுக்கொரு திரை, திரைக்கொரு அடர்த்தி. ஒரே அளவுக்கு வைத்த புள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அந்தச் சாம்பல் m எழுத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இரத்தம் கொதிக்கிறது.

ஆகவே தம்பி, நான் பார்த்த நிரல் எழுத்துருக்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. போடாதீர்கள். டெஜாவூ சான்ஸ் மோனோ எழுத்துருவோடு நிம்மதியாக இருங்கள். நான் அந்த எடிட்டரை அலுவலக வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் எக்ஸ்டேர்ம் (xterm) என்ற முனையச் சாளரத்துக்குள் விம் (Vim) எடிட்டரைத் திறந்து, 12க்கு 24 புள்ளி அளவு டெர்மினஸில் எழுதுகிறேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.