திருநெல்வேலி வெயிலில் வாண்டா டெசலேட்டா: வளர்த்துப் பார்த்த அனுபவம்

பாளையங்கோட்டை மொட்டைமாடியில் ஆர்க்கிட் வளர்க்கிறேன் என்றால் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். நர்சரியில் பூவோடு நிற்கும் பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டை ஆசைப்பட்டு வாங்கி, சித்திரை முடிவதற்குள் தூக்கிப் போட்டவர்கள் நம் ஊரில் நிறைய. நிழலும் ஈரக்காற்றும் கேட்கிற செடி அது. வாண்டா டெசலேட்டா வேறு ரகம். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் வங்காளத்திலும் மரக்கிளைகளில் தானாக வளர்கிற இனம். பல வருஷமாக என்னிடம் இருக்கிறது.

ஒரே தண்டு, மேலே மேலே வளரும். இருபுறமும் நடுவில் மடிந்த தடித்த இலைகள். டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் மாதிரி தண்டில் தண்ணீர் சேர்த்துவைக்கும் வேலை இதற்குத் தெரியாது. அதனால் அந்தரத்தில் தொங்கும் வேர்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பூ 4, 5 செ.மீ. அகலம். மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கட்டம் போட்டிருக்கும், உதடு, அதாவது கீழே தனியாகத் தெரியும் இதழ், நீலஊதா. ஒரு கொத்தில் 5 முதல் 10 பூ வரை. வாசனை பகலில் தூக்கலாக இருக்கும். பெரிய பூ வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். எனக்கு அந்த வாசனை போதும்.

மண்ணே கூடாது. மரச்சட்டக் கூடையில் பெரிய அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டு, செடியைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மேலே 50 சதவீத நிழல்வலை. காலை வெயில் படாவிட்டால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ வராது.

இந்தச் செடிக்கு வெயில் பெரிய பிரச்சினையே இல்லை. 40 டிகிரியிலும், காலையும் சாயங்காலமும் நனைத்தால் தாங்கிக்கொள்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் ஆளைக் கொல்லும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வெறுங்கையோடு வரும் காற்று. கயத்தாறுப் பக்கம் காற்றாலையைச் சுற்றுவதும் அதேதான். நனைத்த வேர் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும், பச்சையாக இருந்த வேர்நுனி மூடிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிடும். அந்த மாதங்களில் கூடைகளைத் தண்ணீர்த்தொட்டிச் சுவருக்குக் கிழக்கே மாற்றி, மேற்கில் ஈரச்சாக்குத் தொங்கவிடுகிறேன். செடிக்கு இதைவிட உபயோகமாக நான் வேறெதுவும் செய்ததில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொடர்ந்து ஊற்றினால் வேர்மேல் வெள்ளைப் பொருக்குப் படியும், நுனி கருகும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்து ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. வேர் சாம்பல் வெள்ளையிலிருந்து பச்சையாக மாறும்வரை நனையுங்கள், மேலோட்டமாகத் தெளித்தால் பிரயோஜனம் இல்லை. உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. மறுநாள் வெறும் தண்ணீரால் அலசிவிடுவேன்.

அடைமழையில் மட்டும் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகும், ராத்திரிக்குள் காற்றாட விட வேண்டும். நத்தை வேர்நுனியைத் தின்னும். மற்றபடி நோய் நொடி குறைவு.

அம்பாசமுத்திரத்தில் மதினி வீட்டு மாமரத்தில் ஒரு செடியைத் தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டினோம். பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்தார். "ஏ தம்பி, இது புல்லுருவில்லா! மரத்தையே பட்டுப்போக வச்சிரும்."

"இல்ல ஆச்சி, மரத்துல ஒரு சொட்டு உறிஞ்சாது. சும்மா தொத்திக்கிட்டு நிக்கும், அவ்ளோதான்."

ஆச்சி நம்பவில்லை. மாமரம் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது, செடியும் என் மாடிச் செடிகளைவிடத் தெளிவாக இருக்கிறது. அங்கே சாரல் எட்டிப் பார்க்கும், அந்த அதிர்ஷ்டம் பாளையங்கோட்டைக்கு இல்லை.

காட்டில் மரத்தில் பார்த்தேன், பிய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலிருந்து செடி எடுப்பது குற்றம். தவிர, தூசி அளவு விதை தனக்கேற்ற பூஞ்சை கிடைத்து முளைத்துப் பூப்பதற்கு வருஷங்கள் ஆகும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கன்று நர்சரிகளில் கிடைக்கிறது. கன்று சின்னதாக இருந்தால் பூவுக்குச் சில வருஷம் பொறுக்க வேண்டும், பூக்கும் பருவச் செடிக்கு விலை கூட.

அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு, முக்கியமாக ஆடி மாதத்தில், இது சரிப்படாது. பக்கத்து வீட்டில் பொறுப்பான ஆள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். தண்ணீர் ஊற்றச் சொல்லும்போது எந்த டிரம்மிலிருந்து என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.