தக்கலை அருகே ஒரு சிறு கிளினிக்

அப்பா நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர். சென்ற ஆண்டு வேறொரு மருத்துவமனையில் தலைசுற்றலுக்கு ஏழு பரிசோதனைகள் எழுதினார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று முதல் டாக்டர் என்றாலே அவருக்குக் கோபம்.

குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி இங்கே வந்தோம். வந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, இரண்டு முறை அளந்தார் டாக்டர். அவசரமாக நடந்து வந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதை என்னிடம் அல்ல, அப்பாவிடமே விளக்கினார். அது என் மனத்தைத் தொட்டது. கருவாடும் உப்பு மாங்காயும் எவ்வளவு சாப்பிடுவார் என்றும் கேட்டார். சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லை. இரத்த அழுத்த மருந்தின் பொதுப்பெயரையே, அம்லோடிபின் என்று தெளிவாக எழுதியிருந்தார். மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தது.

1838-இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. டாக்டரை நம்புவது எங்களுக்குப் புதிதல்ல. காரணத்தைச் சொன்னால் போதும்.

டோக்கன் முறை மோசம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், நாற்காலிகள் போதவில்லை. முதியவர்களை நிற்கவைப்பது தவறு, மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்த முறை போக வேண்டிய தேதியை அப்பா தாமே காலண்டரில் குறித்துவைத்திருக்கிறார்.