லிஃப்ட் ஓடாதுண்ணே, அங்கிட்டுப் படி இருக்கு

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பிசியோதெரபி அறையை இரண்டாவது மாடியில் வைக்க யாருக்குத் தோன்றியதோ! மதுரையில் எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தையல் பிரித்துப் புண்ணும் ஆறிவிட்டது, அம்மாவின் கால்தான் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து எழவே 90 வேண்டும்.

லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டிருந்தார்கள். "ஓடாதுண்ணே, அங்கிட்டுப் படி இருக்கு, மெதுவா ஏறிருங்க" என்றார் செக்யூரிட்டி. எங்களுக்கு முன்னால் வாக்கரோடு நாலு பேர். ஒருவர் மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர். எப்போது சரியாகும் என்றால், "ஆள் வரணும்." டோக்கன் கொடுக்கும் பெண்ணோ சீட்டைக் காட்டி, "பத்தரைக்கே நீங்க மேல இருக்கணும் சார்" என்கிறார். கீழேயே ஒரு கட்டிலைப் போட்டுப் பார்க்கக் கூடாதா என்றேன். மெஷின் எல்லாம் மேலே இருக்கிறதாம். காலை மடக்க எதற்கு மெஷின்? கடைசியில் வார்டுபாய்கள் இருவர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் "முருகா, முருகா". மேலே காட்டிய பயிற்சியோ ஐந்தே நிமிடம்.

நான் இருக்கும் லண்டனில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்தான். ஓரிரு நாளில் கையில் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், பிசியோவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார். ஆனால் அங்கே லிஃப்ட் ஓடியது.

அன்று மாலையே திருநகர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார், சின்ன வயதுப் பெண். முதல் வேலையாக, சித்தி பாசத்தோடு முழங்காலுக்கடியில் வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையை உருவினார். "இப்படியே வச்சிருந்தா கால் நேரா நீளாதும்மா. வைக்கணும்னா குதிகாலுக்கடியில வைங்க." பயிற்சிக்கு அரை மணி முன்னால் டாக்டர் எழுதிய வலி மாத்திரை, முடிந்ததும் துணி சுற்றி ஐஸ். படுத்தபடி குதிகாலை இழுத்து இழுத்து மடக்குவதை ஒரே மூச்சில் செய்யாமல், நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொன்னார். தள்ளிப்போட்டால் உள்ளே தழும்பு இறுகி, மயக்க மருந்து கொடுத்து டாக்டர் மடக்கிவிட வேண்டி வரலாம் என்றார். அதைக் கேட்டபின் அம்மா யாரும் சொல்லாமலே மடக்கத் தொடங்கிவிட்டார்.

வீடு தேடி வந்ததற்கு 500 ரூபாய். லண்டனில் அதற்கு ஒரு காப்பி கிடைக்கும். அரிவாள்மனை முன்னால் எப்போது உட்காரலாம் என்று கேட்டதற்கு மட்டும், "மேடையில வச்சுக் கத்தியில நறுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டார். கத்தியில் நறுக்கினால் வெண்டைக்காய் ருசிக்காது என்பது அம்மாவின் கட்சி.