3.73 போதுமா, 4.10 வேணுமா?

பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுகிறவர்களுக்கு அச்சின் பல்சக்கர விகிதத்தில் (ஆக்சில் ரேஷியோ) வரும் குழப்பம் இது. அச்சிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல் என்று வையுங்கள்: அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 இருந்தால் 3.73, 10 இருந்தால் 4.10. அந்த ஒரு பல்தான் சங்கதி.

இழுவை: 4.10-ல் சக்கரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் விசை. களக்காட்டுத் தோட்டத்திலிருந்து வாழைத்தார் லோடோடு மேடேறும்போது சிரமம் தெரியாது. 3.73 என்றால் அரை கிளட்சிலேயே உருட்ட வேண்டிவரலாம். கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தட்டு தேய்கிறது என்று அர்த்தம்.

டீசல்: நெல்லை–மதுரை நான்குவழிச் சாலையில் காலி வண்டிக்கு 3.73தான் சுகம். அதில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் போகும் வேகத்துக்கு 4.10 ஏறக்குறைய 2200 சுற்றும். டீசலும் கூடும், இரைச்சல் வேறு.

மாற்றுவதானால் ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சையும் சேர்த்தே மாற்றணும். செலவு இரட்டிப்பு.

தினம் டிரெய்லர் என்றால் 4.10. எப்போதாவது என்றால் 3.73 இருக்கட்டும், ஏற்றத்தில் ஒரு கியர் குறையுங்கள்.