பழைய கிட்டாருக்கு நைட்ரோவா, பாலியா?

1970-களில் ஜப்பானில் செய்த ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று என் கைக்கு வந்தபோது, முன்பு வைத்திருந்த யாரோ ஒரிஜினல் பாலி (பாலியெஸ்டர், பாலியூரித்தேன் மாதிரி பிளாஸ்டிக்) பூச்சைப் பாதி தேய்த்துவிட்டு மேலே பிரஷ்ஷால் கறுப்பு எனாமல் அடித்திருந்தார். கெட்டது ஏற்கெனவே கெட்டுவிட்டதால் கை வைக்க எனக்குத் தயக்கம் இல்லை. உங்களுடையது பழைய ஃபெண்டரோ கிப்சனோ என்றால், ஒரிஜினல் பூச்சு எவ்வளவு உரிந்திருந்தாலும் தொடாதீர்கள். மறுபூச்சு அடித்ததற்குப் பாதி விலைதான் என்பது வாங்கி விற்பவர்களின் பொதுக் கணக்கு. என்னுடையதில் ஒரே கேள்விதான் மிச்சம், எதை அடிப்பது? நைட்ரோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அடித்தேன். மூன்று வருடம் ஆகிறது, இன்னொன்று வந்தாலும் அதையேதான் அடிப்பேன்.

சத்தம் பற்றிய சண்டையை முதலில் ஓரம் கட்டிவிடலாம். நைட்ரோ என்றால் மரம் மூச்சுவிடும், சத்தம் நன்றாக வரும் என்பார்கள், எனக்கு அப்படி எதுவும் காதில் விழவில்லை. ஃபெண்டர் அந்தக் காலத்தில் கார்களுக்கு அடிக்கிற டூப்பான்ட் பெயின்ட்டையே எடுத்து அடித்தார்கள், 1960-களின் கடைசியில் பாலியெஸ்டருக்கு மாறிக்கொண்டார்கள். சத்தம் மாற வேண்டுமா, பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) மாற்றுங்கள். கழற்றிய பழையதைத் திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், புது ட்யூனருக்காக (கம்பியை முறுக்கும் சாவி) ஹெட்ஸ்டாக்கில், அதாவது நெக்கின் தலையில், புது ஓட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பாலிக்கு உள்ள பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கெட்டி, வியர்வைக்கு அசையாது, சீக்கிரம் இறுகும், எந்த ஸ்டாண்டில் வைத்தாலும் கவலை இல்லை. வாரம் நான்கு கச்சேரி என்று ஓடுகிறவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் போதாது. வீட்டில் செய்கிற வேலை இல்லை. நைட்ரோவும் சாது இல்லை, சட்டென்று தீப்பிடிக்கும்; ஆவி மாஸ்க்கோடு திறந்த வெளியில்தான் அடிக்க வேண்டும்.

எனக்கு முடிவைக் கொடுத்தது பராமரிப்பு. நைட்ரோ காய்வது தின்னர் ஆவியாவதால் மட்டுமே, அதனால் எத்தனை வருடம் கழித்துப் புது லேக்கர் வைத்தாலும் அது பழையதைக் கரைத்துக்கொண்டு ஒரே பூச்சாகிவிடும். பாலி இறுகும்போது வேதிவினை நடந்துவிடுகிறது, பிறகு தின்னரோ லேக்கரோ அதைக் கரைக்காது. புதுப் பூச்சு பழையதன் மேல் தனியாக உட்காரும், ஓரம் தெரியும். போன வருடம் கதவு மூலையில் இடித்து என் கிட்டாரின் கீழ் ஓரத்தில் மிளகு அளவு பூச்சு தெறித்தது. பல்குச்சி நுனியில் லேக்கரை எடுத்துத் தினம் ஒரு சொட்டு வைத்தேன், காயக் காயப் பள்ளம் விழும், மறுபடி ஒரு சொட்டு, இப்படி ஒரு வாரம். நன்றாக இறுகியதும் ஒரு பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் கூர் தெரியும்படி வைத்து மேட்டைச் சுரண்டினேன். சுற்றியிருக்கிற பூச்சில் கீறல் விழாமல் அந்த டேப் காப்பாற்றும். அப்புறம் 1500, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மெருகு போட்டேன். இப்போது இடத்தைக் காட்டச் சொன்னால் நானே தேட வேண்டும். நண்பர் ஒருவர் தன் பாலி கிட்டாரில் இதே மாதிரி சிராய்ப்பைச் சூப்பர் குளூ விட்டு நிரப்பினார், வேலை சுத்தம்தான், ஆனாலும் விளக்குக்கு எதிரே சாய்த்தால் ஒரு வளையம் தெரிகிறது.

உரிக்கும்போதும் இதே கதைதான். எனாமலுக்கு அடியில் இருந்த பழைய பாலியைப் பெயின்ட் ரிமூவர் தொடக்கூட இல்லை. ஹீட் கன்னைக் காட்டி, சில்லு சில்லாகப் பெயர்த்து, மரம் கருகாமல் எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

இனி நைட்ரோ கொடுக்கும் தொல்லைகள். கடைசி கோட் அடித்து மூன்று நான்கு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். வருடங்கள் போகப் போக வெள்ளை நிறம் பழுப்பேறும், சிலருக்கு அதுவே பிடிக்கிறது. ஸ்டாண்டின் ரப்பர் பட்டால் இளகும், என் கிட்டாரின் பின்பக்கம் ஒரு கறுப்புத் தழும்பு அதற்குச் சாட்சி. இப்போது ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

ஆயில் பூச்சையும் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்வார்கள். பாடியில் நான் அதைப் போட்டதில்லை, பட்டி வைத்து அடைத்த ஓட்டைகளை அது மறைக்காது என்பதால் என் கிட்டாருக்கு அது ஒத்துவரவும் இல்லை. நெக்கின் பின்பக்கம் மட்டும் ட்ரூ-ஆயில் என்கிற மர எண்ணெய்ப் பூச்சைத் தேய்த்தேன், கட்டைவிரல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, மங்கும்போது துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் சரி.